குளிர்க் கடற்கரை வீட்டின் புகைபோக்கி: சிங்கப்பூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். கொதிகலன், புகைக்கூண்டு, கரி சுரண்டுவது இவைதான் என் பிழைப்பு. மகள் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் குடியேறிய பிறகு, ஒவ்வொரு ஜூன் மாதமும் நானும் மனைவியும் அங்கே போய்விடுவோம். அப்போது அங்கே குளிர்காலம். வீட்டுக் கூடத்தில் விறகு அடுப்பு, அதன் தலைக்கு மேல் கூரை வரைக்கும் ஒரு புகைக்குழாய்.

இங்கே நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் புகைபோக்கி கிடையாது. பிள்ளைகள் ஹோபார்ட், நியூசிலாந்தின் டனீடன், ஸ்காட்லாந்தின் அபர்டீன், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் என்று குளிரும் கடலும் சேர்ந்த ஊர்களுக்குப் போகிறார்கள். அங்கே வீட்டோடு ஒரு புகைபோக்கியும் வந்து சேர்கிறது. கோயிலிலும் தேக்காவிலும் பார்க்கிற நண்பர்கள் அதைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். சொன்னதையே திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

புகை தானாக வெளியே போய்விடுகிறதே, புகைபோக்கியை எதற்குச் சுத்தம் செய்ய வேண்டும்?

எல்லாம் வெளியே போவதில்லை. ஊரில் பாட்டி வீட்டு அடுக்களையை நினைத்துப் பாருங்கள். அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற ஓடும் மூங்கிலும் கறுத்து, மினுமினுவென்று பிசுக்குப் பிடித்துக் கிடக்கும். அதே பிசுக்குத்தான் புகைபோக்கிக்குள்ளும் படிகிறது.

விறகுப் புகையில் நீராவி, எரியாத வாயு, தார் எல்லாம் கலந்திருக்கும். குழாயின் உட்சுவர் சுமார் 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் அவை அங்கேயே படிந்துவிடும். அந்தப் படிவுக்குக் கிரியோசோட் என்று பெயர். முதலில் தூளும் துகளுமாகக் கறுப்புக் கரி. அதைத் துடைப்பத்தால் தட்டினாலே உதிர்ந்துவிடும். கவனிக்காமல் விட்டால் கறுப்புச் செதிலாக இறுகும். கடைசியில் சுவர் முழுக்கக் கண்ணாடி போலப் பளபளப்பான தாராக உறைந்துவிடும். கருப்பட்டிப் பாகு முறுகி, பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. அந்த நிலைக்கு வந்துவிட்டால் சாதாரண பிரஷ் உதவாது.

இதில் பயப்பட வேண்டியது என்னவென்றால், அந்தப் படிவு நல்ல எரிபொருள். அடுப்பிலிருந்து எழும் தீ நாக்கு ஒன்று பட்டால் போதும், குழாயே உள்ளுக்குள் பற்றிக்கொள்ளும். வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். செங்கல்லுக்கு நடுவில் உள்ள களிமண் குழாய் வெடிக்கும், பக்கத்தில் இருக்கிற கூரை மரம் பிடித்துக்கொள்ளும். அதோடு, அடைத்துக்கொண்ட புகைபோக்கி கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் திருப்பிவிடும்.

நம் சமையலறை ஹூட் மாதிரிதானே? வடிகட்டியைக் கழற்றிக் கழுவினால் போதாதா?

இல்லை. ஹூட்டில் மின்விசிறி இருக்கிறது, அது உறிஞ்சுகிறது. அதில் சேர்வது எண்ணெய்ப் பிசுக்கு. புகைபோக்கியில் விசிறி எதுவும் இல்லை. சூடான காற்று லேசானது, அதனால் மேலே எழுகிறது, அவ்வளவுதான் அதன் இயந்திரம். குழாய் எவ்வளவு உயரமோ, உள்ளே எவ்வளவு சூடோ, அவ்வளவுக்கு இழுவை இருக்கும். சூடு குறைந்தால் இழுவை குறையும், இழுவை குறைந்தால் கரி கூடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

குறைந்தது வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்குமுன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில். பிரிட்டன், கனடா என்றால் ஆகஸ்ட், செப்டம்பரில். குளிர் வந்த பிறகு கூப்பிட்டால் ஆள் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். தினமும் விறகு எரிக்கிற வீட்டில் குளிர்காலத்தின் நடுவிலும் ஒருமுறை செய்வது நல்லது. படிவு 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்துவிட்டால், நாள்கணக்கைப் பார்க்காமல் உடனே சுத்தம் செய்ய வேண்டும்.

கடலோர வீடு என்றால் என்ன வித்தியாசம்?

நிறைய இருக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் இதைத்தான் குறைவாகக் கேட்கிறார்கள், எனக்கோ இதைத்தான் அதிகம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது.

முதலில் உப்பு. நம் கிழக்குக் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பியும் குளிர்சாதனப் பெட்டியின் தாங்கியும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று தெரியும். புகைபோக்கியின் உச்சியில் இருக்கிற மூடி, வலை, திருகு, பட்டை எல்லாம் அதே உப்புக் காற்றில் வருடம் முழுக்க நிற்கின்றன. துத்தநாகம் பூசிய மலிவான மூடி அங்கே தாக்குப்பிடிக்காது. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்பதிலும் வகை இருக்கிறது. சாதாரண 304 ரகம் கடல் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் அது கூடுதலாகத் தாங்கும். கப்பலிலும் உப்புத் தண்ணீர் படுகிற இடத்துக்கு அதைத்தான் கேட்டு வாங்குவோம். மூடி மாற்றும்போது "316-ஆ?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்தது சாய்ந்தடிக்கும் மழை. கடற்காற்றோடு வருகிற மழை மேலிருந்து கீழே விழாது, பக்கவாட்டில் வந்து செங்கல்லை அறையும். செங்கல் தண்ணீரைக் குடிக்கும். ஹாலிஃபாக்ஸ், அபர்டீன் மாதிரி இடங்களில் அந்தத் தண்ணீர் இரவில் உறையும், பகலில் உருகும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடையும். ஒரு குளிர்காலத்தில் இது பலமுறை நடந்தால் செங்கல்லின் முகம் பொக்குப் பொக்காக உதிர்ந்துவிடும். தரையில் செங்கல் சில்லுகள் கிடந்தால் மேலே பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய வீடாக இருந்தால் இன்னொன்று. நூறு வருடத்துக்கு முந்தைய புகைபோக்கிகளைப் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியிருப்பார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். செங்கல்லுக்கு இடையில் அதற்குப் பதிலாகக் கெட்டியான சிமெண்டை அப்பினால் ஈரம் செங்கல்லுக்குள் சிக்கிக்கொள்ளும், செங்கல்தான் உடையும். காற்றுப் புகாத பெயிண்டை அடித்து "நீர்க்காப்பு" செய்வதும் அதே தவறு.

வீட்டுக்குள் இருந்தபடியே இதைக் கண்டுபிடிக்கலாம். புகைபோக்கிச் சுவரில் ஈரத் திட்டு, வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்புப் பொடி, அடுப்பின் மேல்தகட்டில் திடீர்த் துரு, மழைநாளில் அணைந்த சாம்பலின் நாற்றம். இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் தண்ணீர் இறங்குகிறது என்று பொருள். மூடி, உச்சியில் பூசிய காரை, கூரையோடு சேரும் இடத்திலுள்ள ஈயத் தகடு என்ற இந்த மூன்றில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும்.

விறகு காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புகைபோக்கியின் ஆரோக்கியம் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. கரி மேலே தெரிந்தாலும் அது உருவாகும் இடம் கீழே, அடுப்பில்.

எங்கள் முதல் குளிர்காலத்தில் மகள் வாடகை வீட்டில் இருந்தாள். விறகுக்காரர் லாரி நிறையக் கொண்டுவந்து கொட்டி, "நன்றாகக் காய்ந்தது" என்றார். நாங்களும் நம்பினோம். அடுப்பில் வைத்தால் கட்டையின் இரண்டு முனையிலும் நுரை கட்டி, 'ஸ்ஸ்' என்று சத்தம். எண்ணெய்ச் சட்டியில் ஈர வெண்டைக்காயைப் போட்ட மாதிரி. மூன்றாம் நாள் அடுப்புக் கண்ணாடி கறுப்பாகிவிட்டது. முப்பது வருடம் கரியோடு பழகிய நான், இது கண்ணாடியில் படிந்த அழுக்கு என்று துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது வாரம் சுத்தம் செய்ய வந்தவர் தன் கேமராவை உள்ளே விட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். குழாயின் மேல் பாதி முழுக்கக் கறுப்புச் செதில். கண்ணாடியில் பார்த்ததுதான் மேலேயும் இருந்தது, மேலே இன்னும் தடிமனாக. அந்தக் கட்டைகளில் ஒன்றைப் பிளந்து ஈரமானியைக் குத்திக் காட்டினார்: 34 சதவீதம்.

20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானி கையடக்கமான சின்னக் கருவி. கட்டையின் வெளிப்புறத்தில் குத்தினால் ஏமாற்றும், புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். கருவி இல்லையென்றால் இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டணக்' என்று கேட்கும், ஈரமானது 'தொப்' என்று கேட்கும். முனைகளில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கழன்று வரும்.

பிளந்து, மழை படாமல் மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து அடுக்கினால் மென்மரம் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் காயும். யூகலிப்டஸ் போன்ற வன்மரத்துக்கு இரண்டு கோடைகூட ஆகலாம். தார்பாய் போட்டு முழுக்கச் சுற்றிக் கட்டிவிடாதீர்கள், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, சிறு அளவில் விற்கும் விறகு 20 சதவீத ஈரத்துக்குள் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

கடற்கரையில் நிறைய மரக்கட்டை ஒதுங்குகிறது. எடுத்து எரிக்கலாமா?

வேண்டாம். பேரப்பிள்ளைகள் ஆசையாகப் பொறுக்கி வருவார்கள், நீல நிறத்தில் தீ வரும், பார்க்க அழகாக இருக்கும். கட்டைக்குள் ஊறிய கடல் உப்பு எரியும்போது குளோரின் சேர்மங்கள் வெளிவரும். அது அடுப்பையும் எஃகுக் குழாயையும் உள்ளிருந்து அரிக்கும், நச்சான டயாக்சின்களும் உண்டாகும். கடற்கரைக் கட்டையை அலமாரியில் அழகுக்கு வைக்கட்டும்.

பெயிண்ட் அடித்த மரம், பழைய வேலிக் கட்டை இவையும் கூடாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் வேலிக்கும் மேடைக்கும் ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய பைன் மரத்தை அதிகம் பயன்படுத்தியிருக்கிறார்கள். லேசான பச்சை நிறம் தெரியும். அதன் புகையும் சாம்பலும் விஷம். போகிக்குப் பழைய பாயையும் பிளாஸ்டிக்கையும் கணப்பில் போட்டு எரித்த ஒரு குடும்பத்தையும் எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

இரவு படுக்கும்போது காற்றுத் திறப்பை மூடி, விடியும்வரை தணலாக வைத்துக்கொள்ளலாமா? விறகு மிச்சமாகுமே?

விறகு மிச்சமாகும், கரி மிச்சமில்லாமல் சேரும். கப்பலில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். எண்ணெய் மிச்சம் பிடிக்க இயந்திரத்தைக் குறைந்த வேகத்தில் நாள்கணக்கில் ஓட்டுவார்கள். புகையின் சூடும் வேகமும் குறைந்து, மேலே இருக்கிற வெப்பமீட்புக் கொதிகலனில் ஈரக்கரி அப்பிக்கொள்ளும். பிறகு ஒருநாள் வேகத்தைக் கூட்டும்போது அந்தக் கரி தீப்பிடிக்கும். இரும்புக் குழாயே உருகி வளைந்ததைக் கழற்றி எடுத்திருக்கிறேன்.

வீட்டு அடுப்பிலும் அதேதான். காற்றில்லாமல் புகைந்துகொண்டே இருக்கும் தீதான் தாரை உண்டாக்குகிறது. கட்டை வைத்ததும் ஒரு கால் மணி, இருபது நிமிடம் காற்றை நன்றாகத் திறந்து, கொழுந்துவிட்டு எரிய விடுங்கள். அதன்பிறகு பாதியாகக் குறையுங்கள், முழுக்க அடைக்காதீர்கள். தீ மஞ்சளாக உயிரோடு இருக்க வேண்டும். குளிர் தாங்கவில்லை என்றால் இரவில் இன்னொரு போர்வை போட்டுக்கொள்ளுங்கள். காலையில் புதிதாக மூட்டுவது பெரிய வேலை இல்லை. பெரிய கட்டையைக் கீழே, நடுத்தரக் கட்டையை அதன்மேல், சிராய்களை உச்சியில் வைத்து மேலிருந்து பற்றவைத்தால் ஆரம்பப் புகை வெகுவாகக் குறையும்.

நாங்கள் சமைக்கும்போது அடுப்புப் புகை கூடத்துக்குள் வருகிறது. புகைபோக்கி அடைத்துவிட்டதா?

அடைப்பும் இருக்கலாம். ஆனால் தமிழ்க் குடும்பங்களில் முதலில் நான் கேட்பது, "ஹூட் எந்த வேகத்தில் ஓடுகிறது?"

என் மனைவி கருவாட்டுக் குழம்புக்குத் தாளிக்கும்போது ஹூட்டை உச்சத்தில் வைப்பாள். குளிருக்கு எல்லா ஜன்னலும் அடைத்திருக்கும். விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது, அந்த இடத்தை நிரப்ப வேறு காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். வழி ஒன்றே ஒன்றுதான், புகைபோக்கி. மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கிக் கூடத்தில் நிற்கும். சமையலறை ஜன்னலை நாலு விரல் திறந்தாள், அடுத்த நிமிடம் நின்றுவிட்டது. அதுமுதல் அந்த வீட்டில், தாளிப்புக்கு முன் ஜன்னல் என்பது பழக்கம். குளியலறை விசிறியும் துணி உலர்த்தும் இயந்திரமும் இதே வேலையைச் செய்யும்.

நம் சிங்கப்பூர் வீட்டில் ஜன்னல் எப்போதும் திறந்தே இருப்பதால் இந்த யோசனையே நமக்கு வராது. அங்கே வீடு மூடிய டப்பா.

பலமாகக் காற்றடிக்கும் நாளில் மட்டும் புகை கீழே இறங்குகிறதே?

கடற்காற்று கூரை மீதோ பக்கத்து மரத்தின் மீதோ மோதிச் சுழன்று குழாய்க்குள் இறங்குகிறது. வட அமெரிக்காவில் ஒரு கணக்கு சொல்வார்கள்: குழாய் கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும், 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். உயரம் சரியாக இருந்தும் இறங்கினால், எதிர்க்காற்றைத் தடுக்கும் தனி வகை மூடி உண்டு. சுழலும் வகை கடலோரத்தில் உப்புப் பிடித்துச் சிக்கிக்கொள்ளும், அசையாத வகையே மேல் என்பது என் அபிப்பிராயம்.

பல நாள் எரிக்காத அடுப்பென்றால் குழாயில் குளிர்ந்த காற்று கனமாக உட்கார்ந்திருக்கும். ஒரு நாளிதழ்த் தாளைச் சுருட்டிப் பற்றவைத்து, குழாய் வாய்க்கு அருகில் ஒரு நிமிடம் பிடியுங்கள், இழுவை வந்துவிடும்.

கார்பன் மோனாக்சைடு பற்றி எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

நிறைய. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அசதி என்று சாதாரண சளிக்காய்ச்சல் மாதிரிதான் தொடங்கும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் சரியாகி, திரும்பி வந்தால் மறுபடி வருகிறது என்றால் அது சளி கிடையாது. எல்லாரும் வெளியேறி, அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

இங்கே 2018 ஜூனிலிருந்து புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி பொருத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. அது புகையைத்தான் கண்டுபிடிக்கும். இந்த வாயுவுக்குத் தனிக் கருவி வேண்டும். அடுப்பிருக்கும் அறையில், அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி வையுங்கள். உள்ளே இருக்கும் உணரிக்கு ஆயுள் உண்டு, காலாவதித் தேதி பின்புறம் அச்சிட்டிருக்கும். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பேன்.

புகைபோக்கி தீப்பிடித்துவிட்டது என்று எப்படித் தெரியும்? என்ன செய்ய வேண்டும்?

எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குள் வருகிற மாதிரி ஓர் இரைச்சல் குழாய்க்குள் கேட்கும். குழாய் அதிரும், உச்சியில் தீப்பொறி பறக்கும், வெளியே அடர்ந்த புகை. சத்தமில்லாமல் மெதுவாக எரிவதும் உண்டு, அதைப் பிறகு சோதனையில்தான் கண்டுபிடிப்பார்கள்.

அடுப்புக் கதவையும் காற்றுத் திறப்பையும் மூடுங்கள். எல்லாரையும் வெளியே அனுப்புங்கள். உடனே தீயணைப்புப் படையை அழையுங்கள்: ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111, பிரிட்டனில் 999, கனடாவில் 911. பதற்றத்தில் கை பழக்கமாக நம் ஊர் 995-ஐ அழுத்தும், அதனால் அந்த ஊர் எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். சிவக்கக் காய்ந்த குழாய் வெடித்துப் பிளந்துவிடும். தீ அணைந்தாலும், ஆள் வந்து கேமரா விட்டுப் பார்க்கும்வரை அந்த அடுப்பில் ஒரு குச்சிகூட எரிக்கக் கூடாது.

நாமே சுத்தம் செய்தால் என்ன?

மாடி இல்லாத வீடு, நேரான எஃகுக் குழாய், கீழிருந்து பிரஷ் விடலாம் என்றால் இளைஞர்கள் கற்றுக்கொண்டு செய்யலாம். எஃகுக் குழாய்க்கு நைலான் பிரஷ், களிமண் குழாய்க்குக் கம்பி பிரஷ். தண்டுகளை ஒன்றோடொன்று திருகி நீட்டுவார்கள். கடிகாரம் சுற்றும் பக்கமாகவே திருகிக்கொண்டு போக வேண்டும். மறுபக்கம் திருகினால் தண்டு கழன்று, பிரஷ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கூரைமேல் ஏறுவது வேண்டவே வேண்டாம். பனி படிந்த தகரக் கூரை சோப்புப் போட்ட மாதிரி இருக்கும். நம் வயதுக்காரர்கள் மாப்பிள்ளைக்கு உதவுகிறேன் என்று ஏணியில் கால் வைக்காதீர்கள்.

முகமூடியும் கையுறையும் கட்டாயம். கரி வெறும் அழுக்கு என்று நினைக்கிறோம். லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-ஆம் ஆண்டிலேயே, புகைபோக்கி சுத்தம் செய்கிறவர்களுக்கு வருகிற புற்றுநோய்க்கும் கரிக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று முதலில் காட்டிய எழுத்தாக அதைச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் சின்னப் பையன்களைக் குழாய்க்குள் ஏற்றித்தான் சுரண்ட வைத்தார்கள். பல சட்டம் போட்டும் நிற்காமல், 1875-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் பிரிட்டனில் அது ஒழிந்தது. என் பேரனுக்கு அந்த வயதுதான். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

ஆளைக் கூப்பிட்டால் நல்ல ஆள்தானா என்று எப்படி அறிவது?

பிரிட்டனில் ஹெட்டாஸ் என்ற அமைப்பின் பதிவு, கனடாவில் வெட் என்ற அமைப்பின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வீட்டு வெப்பமூட்டல் சங்கங்கள் இருக்கின்றன. எங்கே ஆனாலும் வேலை பார்க்கும் விதத்தைப் பாருங்கள். நல்லவர் வந்ததும் தரையில் துணி விரிப்பார், அடுப்பு வாயை மூடி உறிஞ்சும் இயந்திரத்தை வைப்பார். பிரஷ் உச்சியில் வெளிவருகிறதா என்று வெளியே போய்ப் பார்ப்பார் அல்லது உங்களைப் பார்க்கச் சொல்வார். முடித்ததும் எவ்வளவு கரி வந்தது, மூடியும் காரையும் எப்படி இருக்கின்றன என்று சொல்லி, தேதி போட்ட சான்றிதழ் தருவார். அதைப் பத்திரமாக வையுங்கள். தீ விபத்து என்று வந்தால் காப்புறுதி நிறுவனம் அதைக் கேட்கலாம்.

பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "குழாயை மாற்றியாக வேண்டும், முன்பணம் கொடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் கேமரா படத்தைக் காட்டச் சொல்லுங்கள். இன்னொருவரிடமும் கேளுங்கள்.

நெருப்பில் உப்பைத் தூவினால் கரி போய்விடும் என்கிறார்களே?

பழைய பழக்கம். உப்பு சூட்டில் எஃகை அரிக்கும், கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். கடையில் விற்கும் "சுத்தம் செய்யும் கட்டை"யும் தூளும் கரியைக் கொஞ்சம் உலர்த்தி உதிர வைக்கும், பிரஷ் செய்யும் வேலையைச் செய்யாது. உதிர்ந்தது வளைவில் போய் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

வாடகை வீட்டில் யார் பொறுப்பு?

ஊருக்கு ஊர், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். குடியேறும் முன் "கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள், சான்றிதழ் இருக்கிறதா?" என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரும்வரை அடுப்பு மூட்ட வேண்டாம். கோடை முழுவதும் காலியாக இருந்த வீடென்றால் குருவிக் கூடு இருக்கும். எங்கள் மகள் வீட்டுக் குழாயிலிருந்து ஒரு முழு வாளி சுள்ளியும் வைக்கோலும் இறங்கியது.

சாம்பலை எப்போது அள்ளுவது?

அணைந்தது போலத் தெரிந்தாலும் கங்கு இரண்டு மூன்று நாள் உயிரோடு இருக்கும். மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, கல் அல்லது மண் தரையில் வையுங்கள். மரத் தளத்திலோ பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியிலோ வேண்டாம். விறகு அடுப்பில் ஒரு விரல் உயரச் சாம்பலை விட்டுவைத்தால் அடுத்த தீ சீக்கிரம் பிடிக்கும். மருந்தேற்றாத சுத்தமான விறகின் சாம்பலைச் செடிக்கு அளவோடு போடலாம். குளிர்காலம் முடிந்ததும் மட்டும் முழுக்கச் சுத்தம் செய்யுங்கள். கோடை ஈரத்தில் கரியும் சாம்பலும் நமுத்து, அடுப்பின் இரும்பை அரித்துவிடும்.

எங்களிடம் கேஸ் கணப்பு. அதற்குமா?

கரி குறைவு. ஆனாலும் வருடாந்தரச் சோதனை வேண்டும். கூடு, துரு, வாயுக் கசிவு இவற்றுக்கு விறகும் ஒன்றுதான், கேஸும் ஒன்றுதான்.

விறகுப் புகை அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாகுமா?

ஆகும். 2013 ஜூன் 21 அன்று இங்கே புகைமூட்டக் குறியீடு 401-ஐத் தொட்டது நினைவிருக்கும். அன்று நம் நெஞ்சை அடைத்த அதே நுண்துகள்கள்தான் விறகுப் புகையிலும் இருக்கின்றன. காற்றசையாத குளிர் இரவில் அது தெருவிலேயே தங்கிவிடும். தீ மூட்டி இருபது நிமிடம் கழித்து வெளியே போய் உச்சியைப் பாருங்கள். லேசான கானல் மட்டும் தெரிந்தால் சரி. வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வந்துகொண்டே இருந்தால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை. அந்தத் தெருவில் ஆஸ்துமாக் குழந்தை ஒன்று இருக்கும்.

ஜூன் விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்குப் போகிறோம். பெட்டியில் என்ன எடுத்துப்போகலாம்?

ஈரமானி ஒன்று. பருத்தி, கம்பளித் துணிகள். நைலான் புடவையோடு அடுப்புப் பக்கம் போக வேண்டாம். துணி உலர்த்தும் சட்டத்தையும் அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் இங்கே மின்விசிறிக்குக் கீழே காயப்போடுகிற பழக்கத்தில் அடுப்புக்கு நெருக்கமாகத் தொங்கவிட்டுவிடுவோம். சமித்து, தேங்காய் நார், மரச்சாமான் எதுவானாலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விமான நிலையத்தில் சொல்லியாக வேண்டும், எடுத்துப்போகாமல் இருப்பது இன்னும் நல்லது. கார்பன் மோனாக்சைடு கருவியை அந்த ஊரிலேயே, அந்த ஊர்த் தரமுத்திரை பார்த்து வாங்குங்கள். போய் இறங்கிய அன்றே.